சுக்கான் அறையில் ஒரு காகிதம்

கடல்வழி வரைபடங்களைக் காகிதத்தில் வெளியிடும் மரபை அமெரிக்கா கைவிட்டுவிட்டது. அந்நாட்டின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் 2019-இல் அறிவித்த ஐந்தாண்டுத் திட்டத்தின்படி, காகித வரைபடங்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, 2025 ஜனவரியில் அப்பணி முற்றுப்பெற்றது. இரண்டு நூற்றாண்டுகளாக உலகக் கப்பல்களுக்கு வரைபடம் அச்சிட்டு வழங்கிவரும் பிரிட்டனின் கடல் அளவை அலுவலகமும் இதே முடிவை 2022-இல் அறிவித்தது. 2026 இறுதியோடு நிறுத்துவதாக இருந்த அத்திட்டம், பயன்படுத்துவோரின் கருத்துகளைக் கேட்ட பின்னர் 2030 வரையேனும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

தொலைதூர நாடுகளின் அலுவலகச் செய்திகளாக இவை தோன்றலாம். ஆனால், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என வரிசையாக அமைந்துள்ள எட்டு ஊர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. இந்தியாவின் ஆழ்கடல் மீன்பிடிப்பில் முன்னணியில் நிற்பவர்கள் இவ்வூர்களின் மீனவர்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் புறப்பட்டு, சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். லட்சத்தீவைத் தாண்டியும், சில வேளைகளில் டீகோ கார்சியா தீவின் அருகிலும் இவர்களின் படகுகள் செல்கின்றன. அத்தகைய படகின் சுக்கான் அறையில் வழிகாட்டுவது பெரும்பாலும் உள்ளங்கை அளவுத் திரை ஒன்றே. அத்திரை அணைந்தால் என்ன செய்வது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கடல்வழி வரைபடம் நிலப்படத்தைப் போன்றதன்று. நிலப்படம் கண்ணுக்குத் தெரிவதைக் காட்டுகிறது. கடல்வழி வரைபடம் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிறது. நீருக்கடியில் உள்ள பாறைகள், மணல் திட்டுகள், மூழ்கிய கப்பல்கள், தரையின் தன்மை, இடத்துக்கு இடம் மாறும் ஆழம், கலங்கரை விளக்கங்களின் ஒளிக்குறிகள், திசைகாட்டி முள்ளின் விலகல் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் அடங்கியுள்ளன. முட்டம், கடியபட்டணம் கடலோரப் பாறைகளின் ஊடே இரவில் படகைச் செலுத்துபவருக்கும், குமரிமுனைக்குத் தெற்கே பரந்திருக்கும் வாட்ஜ் பேங்க் மீன்வளத் திட்டில் வலை விரிப்பவருக்கும் அத்தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணும் பொருள் உடையது.

இந்தியாவில் இப்பணியைச் செய்வது, டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட கடற்படையின் தேசிய கடல் அளவை அலுவலகம். 1874-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட கடல் அளவைத் துறையின் வழித்தோன்றல் இது. 2024 பிப்ரவரியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட 'ஐஎன்எஸ் சந்தாயக்' போன்ற அளவைக் கப்பல்கள் கடலின் ஆழத்தை அளந்து தரும் தரவுகளே வரைபடங்களாகின்றன. இந்தியப் பெருங்கடலின் வடபகுதிக்கான கடற்பயண எச்சரிக்கைகளை வெளியிடும் பன்னாட்டுப் பொறுப்பும் இந்தியாவிடமே உள்ளது. ஆகவே, காகித வரைபடம் நீடிக்க வேண்டுமா என்ற வினாவுக்கு அயல்நாடுகளின் விடையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நம் கடலுக்கு உரிய விடையைக் காணும் ஆற்றலும் அமைப்பும் நம்மிடம் உள்ளன.

பொருளாதார மாணவர்களுக்குப் 'பொதுப்பண்டம்' என்னும் கருத்தைக் கற்பிக்கும்போது ஆசிரியர்கள் கையாளும் முதல் எடுத்துக்காட்டு கலங்கரை விளக்கம். அதன் ஒளியை ஒரு கப்பல் பயன்படுத்துவதால் மற்றொரு கப்பலுக்குக் குறைவு ஏற்படுவதில்லை. கட்டணம் செலுத்தாத படகுக்கு மட்டும் ஒளியை மறைக்கவும் இயலாது. எனவே அரசே அதை அமைக்க வேண்டும் என்றனர் ஜான் ஸ்டூவர்ட் மில் முதல் பால் சாமுவேல்சன் வரையிலான அறிஞர்கள். பிரிட்டனில் தனியாரும் கலங்கரை விளக்கங்களை அமைத்துத் துறைமுகங்களில் கட்டணம் பெற்றனர் என்பதை ரொனால்டு கோஸ் 1974-இல் எடுத்துக்காட்டிய பின்னர் அந்த விவாதம் கூர்மை பெற்றது. ஆனால், இரு தரப்பினரும் மறுக்காத உண்மை ஒன்றுண்டு: கட்டணம் செலுத்த இயலாத சிறு படகுக்கும் அந்த ஒளி தேவை.

கடல்வழி வரைபடம் கலங்கரை விளக்கத்தின் உடன்பிறப்பு. கடலை அளப்பதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. அளந்ததை மேலும் ஒரு தாளில் அச்சிட ஆகும் செலவு மிகச் சிறிது. பெரிய செலவைப் பொதுப்பணத்தில் செய்துவிட்டு, சிறிய செலவை மிச்சப்படுத்துவதற்காகக் கடைசிப் பயனாளியைக் கைவிடுவது சிக்கனம் ஆகாது. அச்சகத்தில் மிச்சமாகும் தொகை அரசின் கணக்கில் வரவாகத் தெரியும். அதனால் எழும் இடர் எந்தக் கணக்கிலும் பதிவாகாமல், சின்னத்துறையிலோ வள்ளவிளையிலோ ஒரு குடும்பத்தின் தலையில் இறங்கும்.

பெரிய கப்பல்களுக்கு இந்த இடர் குறைவு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விதிகளின்படி மின்னணு வரைபடக் கருவி 2012-இல் தொடங்கி 2018-க்குள் படிப்படியாகப் பெருங்கப்பல்களில் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கருவி பழுதானால் கைகொடுக்க மாற்று ஏற்பாடும் இருந்தாக வேண்டும் என்று அதே விதிகள் கூறுகின்றன. தனி மின்வழங்கல் கொண்ட இரண்டாவது கருவியோ, திருத்தம் செய்யப்பட்ட காகித வரைபடத் தொகுப்போ அந்த மாற்றாக இருக்கலாம். பல கோடி மதிப்புள்ள கப்பலில் இரண்டாவது கருவியைப் பொருத்துவது எளிது. பத்துப் பதினைந்து பேர் செல்லும் விசைப்படகில் அதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை, கட்டாயமும் இல்லை. காகிதம் சந்தையிலிருந்து மறைந்தால் பெருங்கப்பல் இரண்டாவது திரைக்கு மாறிக்கொள்ளும். சிறு படகுக்கு மாற்று என்று எதுவும் மிஞ்சாது.

'படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, தானியங்கி அடையாளக் கருவி இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. ஒன்று போனால் மற்றொன்று உதவாதா' என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு தவறுகிறது. கருவிகள் பலவாயினும் அவற்றுக்கு இருப்பிடம் தரும் ஊற்று ஒன்றே. விண்ணிலிருந்து வரும் மிக மெலிந்த ரேடியோ அலையை நம்பியே அவை அனைத்தும் இயங்குகின்றன. பெரும்பாலும் ஒரே மின்கலத்திலிருந்தே அவற்றுக்கு மின்சாரமும் வருகிறது. அந்த அலை தடைபட்டாலோ மின்கலத்தில் கடல்நீர் புகுந்தாலோ எல்லாக் கருவிகளும் ஒருசேரச் செயலிழக்கும். முதலீட்டைப் பல நிறுவனங்களில் பிரித்துப் போட்டதாக எண்ணியவர், அந்நிறுவனங்கள் யாவும் ஒரே வங்கியை நம்பியிருந்ததைப் பிறகு அறிவதைப் போன்றது இது. காப்பு என்பது வேறு வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் அலைகளைத் தடுப்பதும், பொய்யான அலைகளை அனுப்பி இருப்பிடத்தை மாற்றிக் காட்டுவதும் இன்று போர்க்களங்களில் வழக்கமாகிவிட்டன. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் மோதலின்போது பாரசீக வளைகுடாவிலும் ஹோர்முஸ் நீரிணையிலும் நூற்றுக்கணக்கான கப்பல்களின் இருப்பிடக் கருவிகள் குழம்பின. கடலில் செல்லும் கப்பல்கள் நிலத்தின்மீது நிற்பதாகத் திரையில் தோன்றின. ஜூன் 17-இல் ஓமன் வளைகுடாவில் 'ஃபிரன்ட் ஈகிள்', 'அடலின்' என்னும் இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதித் தீப்பற்றின. செலுத்தியோரின் கணிப்புத் தவறே காரணம் என்று ஐக்கிய அரபு அமீரகம் தெரிவித்தது. ஆயினும், அந்நாள்களில் அக்கடற்பகுதியில் திரையை மட்டும் நம்பிச் செல்வது எத்தனை ஆபத்தானது என்பதை அந்நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது.

வளைகுடா நமக்கு அயற்கடல் அன்று. குமரி மாவட்ட மீனவர்கள் பல ஆண்டுகளாக ஈரான், பஹ்ரைன், சவூதி அரேபியா, கத்தார் நாடுகளின் படகுகளில் கூலிக்குத் தொழில் செய்கிறார்கள். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஈரானில் சிக்கிக்கொண்ட மீனவர்களை 'ஐஎன்எஸ் ஜலஷ்வா' கப்பல் தூத்துக்குடிக்கு அழைத்துவந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். எல்லை தாண்டியதாக மீனவர்கள் வளைகுடா நாடுகளில் சிறைப்படுவதும், டீகோ கார்சியா அருகே பிரிட்டன் கடற்படையால் பிடிக்கப்படுவதும் நம் நாளேடுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் செய்திகள். கடலில் வேலி இல்லை. எல்லை என்பது அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறிக்கும் ஒரு கோடு மட்டுமே. 1976 மார்ச் உடன்படிக்கையால் வாட்ஜ் பேங்க் இந்தியாவின் பக்கம் வந்ததும் அத்தகைய கோட்டினால்தான். தான் நிற்கும் இடத்தை அறிவது மீனவனுக்கு உயிர்ப்பாதுகாப்பு மட்டுமன்று, அவனுடைய விடுதலையும் படகின் உரிமையும் அதில் அடங்கியுள்ளன. நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால், மணிக்கணக்கில் குறிக்கப்பட்ட வழித்தடம் உள்ள ஒரு தாள் அவனுக்குச் சான்றாகவும் அமையலாம்.

கடலுக்கு மட்டும் நேர்ந்த நிலைமை அன்று இது. விமானி அறையிலிருந்தும் காகிதம் வெளியேறிவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2013-இல் தன் விமானிகள் சுமந்து சென்ற சுமார் 16 கிலோ எடையுள்ள வரைபடப் பைகளுக்குப் பதிலாகக் கைக்கணினிகளை வழங்கியது. எடை குறைந்ததால் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் டாலர் எரிபொருள் மிச்சமாகும் என்று கணக்கிட்டது. 2015 ஏப்ரலில் ஒரு மாலைப்பொழுதில் அந்தக் கைக்கணினிச் செயலி பல விமானங்களில் ஒரே நேரத்தில் முடங்கியது. வாஷிங்டன் விமான நிலைய வரைபடம் ஒன்று இருமுறை பதிவேறியிருந்ததே காரணம். பல டஜன் விமானங்கள் தாமதமாயின. எல்லாக் கருவிகளிலும் ஒரே செயலி இருந்ததால், விமானிக்கும் துணை விமானிக்கும் ஒரே வேளையில் வரைபடம் இல்லாமற்போனது. விமானங்கள் தரையில் நின்றிருந்தபடியால் காத்திருக்க முடிந்தது. நடுக்கடலில் நிற்கும் படகுக்கு அந்த வசதி இல்லை.

நம் நாட்டிலும் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிருதசரஸ், ஜம்மு பகுதிகளில், விமானங்களின் ஜிபிஎஸ் அலைகளில் 465 குறுக்கீடுகள் நிகழ்ந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 இறுதியில் தில்லி விமான நிலையத்தை அணுகிய சில விமானங்களுக்கும் பொய்யலைகள் வந்தன. அப்போது அரசு அளித்த விளக்கத்தில் ஒரு செய்தி கவனத்துக்குரியது. செயற்கைக்கோள் உதவி கிடைக்காதபோது பயன்படுவதற்காகத் தரையில் அமைந்த மரபான வழிகாட்டும் கருவிகளின் குறைந்தபட்ச வலையமைப்பை இந்தியா தொடர்ந்து பராமரித்துவருகிறது என்பதே அது. மிகச் சரியான கொள்கை. புதியது வந்த பின்னரும் பழையதில் ஒரு பகுதியைக் காப்பாகப் பேணுவது வீண்செலவு ஆகாது என்பதை வானப் போக்குவரத்தில் அரசே ஏற்றுக்கொண்டுள்ளது. அதே கொள்கையை மீனவனின் படகுக்கு ஏன் நீட்டிக்கக் கூடாது?

மின்னணு வரைபடத்தில் தவறே நேராது என்று எண்ணுவதும் சரியன்று. 2013 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் 'கார்டியன்' என்னும் கண்ணிவாரிக் கப்பல், பிலிப்பின்ஸ் நாட்டின் துப்பதாகா பவளத்திட்டில் ஏறிச் சிக்கியது. அக்கப்பலின் மின்னணு வரைபடம் ஒன்றில் அப்பவளத்திட்டு அதன் உண்மையான இடத்திலிருந்து சுமார் எட்டுக் கடல் மைல் தள்ளிக் காட்டப்பட்டிருந்தது. வேறு அளவில் இருந்த மற்றொரு வரைபடம் சரியாகவே காட்டியது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தவறியதை விசாரணை சுட்டிக்காட்டியது. மீட்க முடியாத அக்கப்பலை அறுத்துத் துண்டு துண்டாக அகற்ற வேண்டியதாயிற்று. உலகின் வலிமைமிக்க கடற்படைக்கே இப்படி என்றால், இரண்டாவது சான்று ஒன்றைக் கையில் வைத்திருப்பதன் அருமையை வேறு சொல்ல வேண்டியதில்லை.

நம் கடலோர மக்களுக்கு இந்த ஒப்பிடும் கலை புதிதன்று. கரையில் தெரியும் மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரு நேர்கோட்டில் நிறுத்தி, வேறு இரு அடையாளங்களை மற்றொரு நேர்கோட்டில் நிறுத்தி, இரண்டும் வெட்டும் இடத்தில் கடலடிப் பாரைக் கண்டறியும் முறையைக் கணியம் என்பர். கட்டுமரத்தில் சென்ற முன்னோர் தம் மனத்தில் வரைந்து வைத்திருந்த வரைபடம் அது. காகித வரைபடத்தில் திசைகாட்டியைக் கொண்டு இருப்பிடம் குறிக்கும் முறையும் அடிப்படையில் இதே வடிவியல்தான். ஆழ்கடலுக்குச் செல்லும் இன்றைய தலைமுறையிடம் கணியம் தேய்ந்துவருகிறது; கரை தெரியாத தொலைவில் அது பயன்படுவதும் இல்லை. பழைய அறிவுக்கும் புதிய கருவிக்கும் இடையே விழுந்துள்ள இந்த இடைவெளியைக் காகித வரைபடத்தால் ஓரளவு நிரப்ப முடியும்.

ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காகிதம் தானாக இருப்பிடத்தைச் சொல்லாது. ஜிபிஎஸ் அணைந்த பிறகு வரைபடத்தை விரித்தால், நாம் எங்கே நிற்கிறோம் என்று அதில் எழுதியிருக்காது. கருவி நன்றாக இயங்கும்போதே மணிக்கொரு முறை இருப்பிடத்தைப் பென்சிலால் குறித்து, அருகில் நேரத்தையும் எழுதிவரும் பழக்கம் வேண்டும். கருவி அணைந்தால் கடைசிப் புள்ளியிலிருந்து திசைகாட்டியையும் வேகத்தையும் கொண்டு கணக்கிடலாம். அட்சரேகையின் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். மணிக்கு எட்டுக் கடல் மைல் வேகத்தில் நேர் வடக்கே செல்லும் படகு ஒரு மணி நேரத்தில் வரைபடத்தில் எட்டு நிமிடம் மேலேறும். நீரோட்டமும் காற்றும் அக்கணக்கைச் சற்றுப் பிறழச் செய்யும். ஆழமானியின் அளவை வரைபடத்தின் எண்ணோடு ஒப்பிட்டு அதைத் திருத்திக்கொள்ளலாம். ஆழமானி செயற்கைக்கோளை நம்பி இயங்குவதில்லை. கண்டத்திட்டின் விளிம்பில் ஆழம் திடீரென மாறும் இடம், கரை எத்தனை தொலைவில் உள்ளது என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும்.

ஒக்கிப் புயல் நமக்குக் கற்பித்த பாடமும் இதனோடு சேர்ந்தது. 2017 நவம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் வீசிய அப்புயலில் குமரியும் கேரளமும் இழந்தவர்களின் எண்ணிக்கை பெரிது. எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேராததே அத்துயரத்தின் முதற்காரணம். வரைபடம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது பொருந்தாது. ஆனால், பின்னர் நடந்த தேடுதலின்போது மீனவர்களையே வழிகாட்டிகளாகக் கடற்படை, கடலோரக் காவல் படைக் கப்பல்களில் ஏற்றிச் செல்ல நேர்ந்தது. எந்தப் படகு எந்தக் கடற்பகுதியில் நின்றிருக்கும் என்ற அறிவு மீனவர்களின் நினைவில் இருந்தது. அதைத் தேடுவோரின் எண்களாக மாற்றுவதற்குப் பொதுவான தாள் ஒன்று இல்லை. படகிலும் ஊர்ப் பங்கு அலுவலகத்திலும் கடலோரக் காவல் படை நிலையத்திலும் ஒரே வரைபடம் இருந்தால், புறப்படும் முன்பே எந்தப் பகுதிக்குச் செல்கிறோம் என்பதைக் கரையில் குறித்துவைக்கலாம்.

வரைபடம் இருப்பது மட்டும் போதாது. சுக்கான் அறையில் அது உயிரோடு இருக்க வேண்டும். உப்புக்காற்றும் அலைத்தெறிப்பும் டீசல் கறையும் சாதாரணத் தாளைச் சில நாள்களில் கூழாக்கிவிடும். ஈரம்பட்ட காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். அப்போது அதில் உள்ள தொலைவுகளும் சற்று மாறும். தொலைவை அளக்கும்போது தனி அளவுகோலைப் பயன்படுத்தாமல், அதே தாளின் ஓரத்தில் உள்ள அட்சரேகை அளவிலிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தாளோடு சேர்ந்து அந்த அளவும் விரிந்திருக்கும். மடித்து வைத்தால் மடிப்பின் மீது உள்ள ஆழ எண்களே முதலில் அழியும். தட்டையாக, படுக்கைப் பலகையின் அடியிலோ சுக்கானுக்கு அருகில் ஓர் இழுப்பறையிலோ வைப்பதே நன்று.

பிளாஸ்டிக் உறை போட்டு முழுவதும் ஒட்டிவிடுவது பலரும் செய்யும் ஏற்பாடு. தாள் நனையாது என்பது உண்மை. ஆனால், அதன்பின் திருத்தம் எழுத முடியாது. ஒரு பக்கம் திறந்துள்ள கெட்டியான ஒளிபுகும் உறை மேலானது. அன்றாட வழித்தடத்தை உறையின் மேல் மெழுகுப் பென்சிலால் வரைந்து அழித்துக்கொள்ளலாம். நிலையான திருத்தங்களைத் தாளை வெளியே எடுத்து எழுதலாம். தாளில் நேரடியாகக் குறிப்பதானால் மென்மையான பென்சிலே ஏற்றது. கூரிய பென்சில் தாளைக் கீறும், பேனா மை ஈரத்தில் பரவும். நீரை உறிஞ்சாத செயற்கைத் தாளில் அச்சிட்டால் இத்தொல்லைகளில் பெரும்பகுதி நீங்கும். பயன்படுத்தும் படி ஒன்றும், நீர்புகாக் குழலில் அடைத்த படி மற்றொன்றும் என ஒவ்வொரு படகிலும் இரண்டு இருப்பது நல்லது.

காகிதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், அது பழையதாகிவிடும் என்பது. இவ்வாதத்தைப் புறந்தள்ள முடியாது. திருத்தப்படாத வரைபடம் பொய் வழிகாட்டி. 2025 மே 25 அன்று கொச்சி அருகே 'எம்எஸ்சி எல்சா 3' கப்பல் மூழ்கியது. அதன் கொள்கலன்களும் பிளாஸ்டிக் குருணைகளும் குமரிக் கடற்கரை வரை வந்தொதுங்கின. கடலடியில் கிடக்கும் கொள்கலன்களில் வலைகள் சிக்கிக் கிழிந்ததாக மீனவர்கள் முறையிட்டனர். 2024-இல் அச்சிட்ட எந்த வரைபடத்திலும் அந்தக் கப்பலின் உடல் இருக்காது. இதைப்போல, பழைய அளவைகளை அடிப்படையாகக் கொண்ட வரைபடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் அளவை முறையோடு பொருந்தாமல் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகுவதும் உண்டு. தாளின் ஓரத்தில் உள்ள அளவை முறைக் குறிப்பைப் படிக்காமல் பயன்படுத்துவது ஆபத்து.

ஆனால், இதற்குத் தீர்வு திருத்துவதே, கைவிடுவது அன்று. டேராடூன் அலுவலகம் மாதம் இருமுறை கடலோடிகளுக்கான திருத்த அறிவிப்புகளை வெளியிடுகிறது. அவற்றில் குமரி, நெல்லை, தூத்துக்குடி, கேரளக் கடல்களுக்கு உரியவற்றை மட்டும் தெரிந்தெடுத்துத் தமிழில் ஒரு பக்க அளவில் மீன்பிடித் துறைமுகங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய நான்கு துறைமுகங்களிலும் மீன்வளத் துறையின் ஊழியர்கள் இருக்கிறார்கள். கரைக்குப் படகு வரும் ஒவ்வொரு முறையும் அத்திருத்தத்தைப் பென்சிலால் ஏற்றிக்கொள்ள அரைமணி நேரம் போதும்.

மத்திய அரசு மீன்பிடிப் படகுகளில் ஒரு லட்சம் தகவல் தொடர்புக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. சுமார் 360 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டம் வரவேற்கத்தக்கது. கடலில் நிற்பவருக்குப் புயல் எச்சரிக்கை சென்று சேரவும், அவர் ஆபத்தில் குரல் கொடுக்கவும் அது வழிசெய்கிறது. ஒக்கியின்போது இல்லாதிருந்தது அதுவே. ஆயினும், அதுவும் செயற்கைக்கோளையே நம்பியுள்ளது. நம் சொந்த வழிகாட்டும் அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்களில் சில முழுமையாகச் செயற்படவில்லை. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்விஎஸ்-02 தன் இலக்குப் பாதையை எட்டவில்லை. கருவி வழங்கும் அதே திட்டத்தில் காகித வரைபடத்தையும் சேர்த்து வழங்கினால், கருவியின் செலவோடு ஒப்பிட அது மிகச் சிறிய கூடுதல் செலவாகவே இருக்கும். ஒரு படகு ஒரு பயணத்துக்கு டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் செய்யும் செலவின் அருகில்கூட அது வராது.

செய்ய வேண்டியவை நான்கு. தேசிய கடல் அளவை அலுவலகம் காகித வரைபடங்களை அச்சிடுவதைத் தொடரும் என்று மத்திய அரசு வெளிப்படையாக உறுதியளிக்க வேண்டும். மாநில மீன்வளத் துறை அவ்வலுவலகத்துடன் இணைந்து, குமரிமுனை முதல் லட்சத்தீவு வரையிலான கடற்பகுதிக்குத் தமிழ்க் குறிப்புகளுடன், மீனவர்கள் வழங்கும் பார்களின் பெயர்களையும் சேர்த்து, செயற்கைத் தாளில் கையடக்கத் தொகுப்பு ஒன்றை வெளியிட வேண்டும். படகுப் பதிவைப் புதுப்பிக்கும்போது திசைகாட்டியும் திருத்திய வரைபடமும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இல்லாதவர்களுக்கு அபராதம் விதிக்காமல் வரைபடத்தை வழங்க வேண்டும். மீன்பிடித் தடைக்கால வாரங்களில் கடற்கரை ஊர்களில் இளைஞர்களுக்கு வரைபடப் பயிற்சி அளிக்க வேண்டும். கணியம் அறிந்த மூத்த மீனவர்களே அப்பயிற்சியின் ஆசிரியர்களாக அமர்வது பொருத்தமாக இருக்கும்.

அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி விண்மீன்களைக் கொண்டு வழி காணும் பாடத்தை ஜிபிஎஸ் வந்த பின் கைவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, 2015-இல் அப்பாடத்தை மீண்டும் சேர்த்தது. கைவிட்ட கலையைத் திரும்பக் கொண்டுவரப் பயிற்றுநர்களும் நூல்களும் அந்நாட்டிடம் இருந்தன. நம் கடற்கரையில் கணியம் அறிந்த தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் கற்பிக்கும் நிலையில் இருக்கும்போதே, இந்தச் சிறு ஏற்பாட்டைச் செய்துகொள்வது அறிவுடைமை. அடுத்த தடைக்காலத்துக்கு முன் மாவட்ட மீனவர் குறைதீர் கூட்டத்தில் இது ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டால், தொடங்குவதற்கு அதுவே போதும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), கன்னியாகுமரி மாவட்டம்.